கால்பந்தில் இளம் அணி பெரிய அணியிடம் அடி வாங்கினால், அந்த மேட்சை எப்படித் திரும்பிப் பார்ப்பது

மேட்ச் முடிந்த கையோடு எதுவும் எழுதாதீர்கள். நான்கைந்து கோல் வாங்கிய எரிச்சலில் எழுதினால் இரண்டு விதமாகத்தான் வரும்: "இவனுங்க எல்லாரையும் வித்துத் தொலைங்க" என்பது ஒன்று, "சின்னப் பசங்கதானே, விடுங்க, போகப் போகச் சரியாயிடும்" என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான் மோசம். முதலாவது வெறும் கோபம், ரெண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் வயதைக் காரணமாகச் சொல்லிவிட்டால், மேட்சில் என்ன நடந்தது என்று பார்க்கிற வேலையே முடிந்துபோகிறது.

ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, முதலில் இறங்கிய பதினோரு பேரின் பட்டியலை எடுங்கள். பசங்களின் வயதை அப்புறம் பார்க்கலாம், அவர்களுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 19 வயது ரைட் பேக்குக்கு (வலது ஓரத்தில் தடுப்பவர்) பக்கத்தில் 300 மேட்ச் ஆடிய சென்டர் பேக் (நடுவில் தடுப்பவர்) நின்று "உள்ளே வா, உள்ளே வா" என்று கத்திக்கொண்டிருந்தாரா, இல்லை அங்கேயும் இன்னொரு 19 வயதுப் பையன்தானா?

2019 டிசம்பர் 17 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் லிவர்பூல் 5-0 என்று தோற்றது. மறுநாளே கத்தாரில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதி இருந்ததால் சீனியர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள், இங்கே இறங்கிய அணியின் சராசரி வயது இருபதைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் பெரியவர் யாருமே இல்லாத இந்த மாதிரி மேட்சில் ஸ்கோரை வைத்து எந்தப் பையனையும் எடை போட முடியாது. அன்று ஐந்து கோல் வாங்கிய கெல்லஹர்தான் 2022, 2024 இரண்டு வருடமும் லீக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெயித்த லிவர்பூலின் கோல்கீப்பர்.

இன்னொரு உதாரணம் எல்லோரும் சொல்வது, ஆனால் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 1995 ஆகஸ்ட்டில் அதே வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றபோது, பசங்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று டிவி விமர்சகர் ஆலன் ஹான்சன் சொன்னார். அந்த சீசனில் யுனைடெட் லீகையும் எஃப்ஏ கோப்பையையும் சேர்த்தே எடுத்தது. சரி, மீதிக் கதை? பசங்களோடு ஷ்மைக்கல், கீன், பாலிஸ்டர் என்று அனுபவசாலிகளும் ஆடினார்கள், அக்டோபரில் தடை முடிந்து அணியின் நட்சத்திரம் கன்டோனாவும் வந்தார். "பொறுமையா இருங்க, 1995ஐப் பாருங்க" என்று யாராவது சொன்னால், நம்ம அணியில் கன்டோனா யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2011இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ஆர்சனல் வாங்கிய 8-2. ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் அப்போதுதான் போயிருந்தார்கள், 20 வயது கோக்லன் நடுவில் ஆடினார், 19 வயது ஜென்கின்சன் சிவப்பு அட்டை வாங்கினார். ஆனால் 1-0 என்று பின்தங்கி இருந்தபோது பெனால்டியைத் தவறவிட்டது பசங்களில் ஒருவர் இல்லை, கேப்டன் வான் பெர்சி. அடுத்த சில நிமிடத்தில் 2-0. தோல்வி முடிந்த மூன்று நாளைக்குள் கிளப் மெர்டசாக்கரையும் ஆர்டெட்டாவையும் வாங்கியது, அந்த சீசனை மூன்றாவது இடத்தில் முடித்தது. அங்கே வேலைக்கு ஆனது பொறுமை இல்லை, பசங்களுக்குப் பக்கத்தில் ரெண்டு பெரியவர்களை நிறுத்தியதுதான்.

இப்போது வீடியோவைப் போடுங்கள், ஆனால் முழுசாக வேண்டாம். முதல் 20 நிமிடமும், முதல் கோல் வாங்கியதற்கு அடுத்த 10 நிமிடமும் போதும். 4-0 ஆன பிறகு நடப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஜெயிக்கிற அணியே அப்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆடும். முதல் கோலுக்குப் பிறகு பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள்: யார் கை நீட்டிப் பந்தைக் கேட்கிறான், யார் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறான், டிஃபென்ஸ் எவ்வளவு தூரம் பின்னால் இறங்குகிறது, மிட்ஃபீல்டுக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் விழுகிறது.

அப்புறம் ஒரே ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து அவன் செய்த தப்புகளைப் பிரித்துப் பாருங்கள். தோளோடு தோள் மோதி விழுந்தானா? அது உடம்பு, ரெண்டு வருடத்தில் வந்துவிடும். பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தவனை விட்டானா? அது மேட்ச் ஆட ஆடத்தான் வரும், உட்கார வைத்தால் வராது. பக்கத்தில் எதிராளி யாருமே இல்லாதபோது வந்த பாஸை நிறுத்த முடியாமல் தடுமாறினானா? அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். நாலாவதாக ஒன்று உண்டு, அது அவன் தப்பே இல்லை. ஒரு லெஃப்ட் பேக்கை நான் மேட்ச் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கிறேன், மறுநாள் திரும்பப் பார்த்தால் அவனுக்கு முன்னால் அதே ஓரத்தில் ஆடிய விங்கர் ஒரு தடவைகூடப் பின்னால் இறங்கவில்லை, பாவம் பையன் ஒவ்வொரு முறையும் தனியாக ரெண்டு பேரைச் சமாளித்துக்கொண்டிருந்தான். அந்த விங்கருக்கு 31 வயது.

எக்ஸ்ஜி எண்ணை (ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுக் கூட்டியது) காட்டி "நாமும் சமமாத்தான் ஆடினோம்" என்பவர்களிடம், ஒவ்வொரு ஷாட்டும் எந்த நிமிடத்தில் வந்தது என்று கேளுங்கள். ஒரு பெனால்டிக்கே ஏறக்குறைய 0.78 வந்துவிடும். 80வது நிமிடத்தில், 4-0 என்று இருக்கும்போது கிடைத்த ஒரு பெனால்டியும் ரெண்டு ஷாட்டும் மொத்தத்தை அழகாக்கிவிடும். ஸ்கோர் 0-0 ஆக இருந்த நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அந்தப் பையனை மட்டும் டேக் செய்யாதீர்கள். ராத்திரி அவன் போனில் ஏற்கெனவே என்னென்ன வந்து குவிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த மேட்சில் கோச் அவனை இறக்குகிறாரா, இறக்கினால் பக்கத்தில் யாரை நிறுத்துகிறார் என்று பாருங்கள். பிறகு கோல்கீப்பர் கையில் பந்து வரும் முதல் தடவை, அவன் கை நீட்டிக் கேட்கிறானா என்று.