எதிரெதிர் குணமுடைய அண்ணன் தம்பி: ஒரு குடும்பத் திரைக்கதையை எழுதும் முறை

குணத்தால் முற்றிலும் வேறுபட்ட அண்ணன் தம்பி இருவரைப் பற்றிக் குடும்பக் கதை எழுத முற்படுகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கத்தில் பொறுப்பு, சிக்கனம், அமைதி என்றும் மறுபக்கத்தில் விளையாட்டுத்தனம், ஊதாரித்தனம், முன்கோபம் என்றும் எழுதிக்கொள்வதுதான். அந்தப் பட்டியலை வைத்து இரண்டு மனிதர்களை உருவாக்கிவிடலாம். ஆனால் அவர்கள் அண்ணன் தம்பியாக இருக்க மாட்டார்கள். அதே பட்டியல் இரண்டு அலுவலக நண்பர்களுக்கும் பொருந்தும், ஒரே ரயில் பெட்டியில் ஏறிய இரண்டு அந்நியர்களுக்கும் பொருந்தும். ஒரே வீட்டில் ஒரே நிகழ்ச்சியை அனுபவித்த இரண்டு சிறுவர்கள் அதிலிருந்து இரண்டு வெவ்வேறு பாடங்களைக் கற்றுக்கொண்டு வளர்ந்தார்கள் என்பதுதான் இந்த வகைக் கதைக்கு உயிர். எனவே குணப்பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த நிகழ்ச்சியை முதலில் கண்டுபிடியுங்கள்.

மூத்தவன் என்றால் பொறுப்பானவன், இளையவன் என்றால் துடுக்கானவன் என்ற வாய்பாட்டை நம்பியும் இறங்க வேண்டாம். பிறந்த வரிசை ஒருவருடைய குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரிய உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் எழுதியவற்றின் வழியாகப் பரவலாக வேரூன்றியது. ஆனால் 2015இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த 20,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, பிறந்த வரிசைக்கும் பொறுப்புணர்வு, இணக்கம், கலகலப்பு, மனச்சமநிலை ஆகிய குணங்களுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றே கண்டது. அதைவிட எழுத்தாளருக்குப் பயன்படுவது, ராபர்ட் புளோமின், டெனிஸ் டேனியல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987இல் முன்வைத்த கேள்வி: ஒரே பெற்றோருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபட்டவர்களாக இருக்கிறார்கள்? வீடு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் அனுபவம் வேறு என்பதில்தான் அதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். திரைக்கதைக்கு இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடைப்பது அரிது.

நிகழ்ச்சியை இரண்டு முறை எழுதுதல்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசினால் முறை தெளிவாகும். ஒரு தந்தை சிறிய அச்சகம் நடத்துகிறார். கடன் முற்றி, ஒரு மாலையில் கடன்காரர்கள் வந்து அச்சு இயந்திரத்தைக் கழற்றி எடுத்துச் செல்கிறார்கள். மூத்தவனுக்கு அப்போது 14 வயது, இளையவனுக்கு 9. மூத்தவன் தந்தையின் அருகில் நின்று, வந்தவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறான். இனி வாழ்நாளில் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்கிறான். இளையவனுக்கோ, அதுவரை கால் வைக்கவே அனுமதி இல்லாத கொட்டகை திடீரென்று காலியாகி, ஓடி விளையாட இடம் கிடைத்த நாள் அது. எதைப் பறிகொடுத்தாலும் மனிதன் இருந்துவிடலாம் என்பது அவனுடைய உடம்பில் தங்கிவிடுகிறது. விளையாடிக் களைத்துத் தரையில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது உள்ளறையிலிருந்து தந்தையின் குரல் கேட்டது. அவர் பாடிக்கொண்டிருந்தார் என்றே அவன் இன்றுவரை நம்புகிறான்.

இப்படி ஒரு நிகழ்ச்சி கிடைத்ததும், அதை அண்ணனின் வாயால் இரண்டு பக்கமும் தம்பியின் வாயால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதுங்கள். நடந்தவை இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எது கவனத்தில் பட்டது, எதற்கு என்ன பொருள் கொள்ளப்பட்டது என்பது மட்டும் மாற வேண்டும். ஒருவன் பொய் சொல்கிறான் என்று வைத்துக்கொண்டால் கதை துப்பறியும் கதையாகிவிடும். மேலே சொன்ன குரலை எடுத்துக்கொள்ளுங்கள்: குரல் கேட்டது உண்மை, அதை இருவரும் கேட்டார்கள். தம்பி அதைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டான், அது அழுகை என்று அண்ணனுக்குத் தெரியும். இந்த நான்கு பக்கங்களில் ஒரு வரிகூடத் திரைக்கதைக்குள் நேரடியாகப் போக வேண்டியதில்லை. ஆனால் அவற்றை எழுதாமல் முதல் காட்சிக்குப் போகிறவர், ஐம்பதாவது பக்கத்தில் இருவரும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று தெரியாமல் நின்றுவிடுவார்.

இருவருடைய பக்கங்களையும் எழுதி முடித்தபின் உங்களுக்கே ஒரு சகோதரன் மீது அதிகப் பரிவு தோன்றியிருக்கும். அது இயல்பு, ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கம்பராமாயணத்தில் கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். இராவணன் செய்தது தவறு என்பதில் அந்த இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடே இல்லை. தவறு செய்த அண்ணனை விட்டு அறத்தின் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைக்கிறான். நெடுநாள் வளர்த்துப் போருக்கு அலங்கரித்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று கும்பகருணன் மறுக்கிறான், ஆனால் தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். ஒரே உண்மையை ஒப்புக்கொண்ட இருவர் அதற்கு எதிரெதிரான விடைகளைத் தருவதும், இரண்டு விடைகளும் மதிக்கத்தக்கவையாக இருப்பதும்தான் அந்தக் காட்சியின் வலிமை. நீங்கள் எழுதும் சகோதரர்களும் இதே தேர்வில் தேற வேண்டும்: எவன் பக்கம் நியாயம் என்று கேட்டால், பார்வையாளர் சற்று நேரமாவது தடுமாற வேண்டும்.

பிரிந்து போக முடியாத காரணம்

ஒத்துப்போகாத இருவர் விலகிப் போவதுதான் வழக்கம். படம் முழுவதும் அவர்களை ஒன்றாக வைத்திருக்க, ஒருவனால் மட்டும் முடித்துவிட முடியாத ஒரு காரியம் தேவை. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வது, பெற்றோர் விட்டுச்சென்ற கடன், இருவர் கையெழுத்தும் இல்லாமல் விற்க முடியாத சொத்து என்று எதுவாகவும் இருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் அந்தக் காலியான கொட்டகையையே வைத்துக்கொள்ளலாம்: அண்ணன் அதை விற்றுத் தந்தை பெயரில் மிச்சமிருக்கும் கடைசிக் கடனை அடைக்க நினைக்கிறான், தம்பி அதில் மறுபடியும் ஏதோ ஒரு தொழில் தொடங்க நினைக்கிறான். காரியத்துக்கு ஒரு கெடுவும் வேண்டும். கெடு இல்லாத சண்டையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம் என்பதால் எந்தக் காட்சிக்கும் அவசரம் இருக்காது.

பக்கக் கணக்கைப் பொறுத்தவரை, கூரியர் என்ற எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற வழக்கம் ஆங்கிலத் திரைக்கதைக்கு உரியது. தமிழ் எழுத்துருக்களில் அது அப்படியே பொருந்தாது. காட்சிகளை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பார்ப்பதே நம்பகமானது. இரண்டு மணி நேரப் படம் என்றால், முதல் 15 நிமிடங்களுக்குள் இருவரும் ஒரே இடத்தில் எதிர்ப்பட்டுவிட வேண்டும். அண்ணனின் வாழ்க்கைக்கு அரை மணி, தம்பியின் வாழ்க்கைக்கு அரை மணி என்று தனித்தனியாக அறிமுகம் செய்துகொண்டிருந்தால், பார்வையாளர் இரண்டு படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்.

இவர்களோடு மூன்றாவதாக ஒருவர் இருப்பது அவசியம். அண்ணனின் மனைவியோ, வளர்ந்த மகளோ, குடும்பத்தின் பழைய நண்பரோ, யாராக இருந்தாலும், வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கத் தோன்றும். அவரைச் சமாதானத் தூதராக மட்டும் பயன்படுத்திவிடாதீர்கள். கொட்டகை விற்பனையில் அவருக்கென்றும் ஒரு தேவை இருக்கட்டும்.

வசனமும் ஒரு காட்சியும்

இந்த வகைக் கதைகளில் அதிகம் தவறுவது வசனத்தில்தான். "அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அண்ணா, நீ ஒருமுறைகூட என்னை வந்து பார்க்கவில்லையே" என்று எந்தத் தம்பியும் பேசமாட்டான், ஏனென்றால் அது அண்ணனுக்கும் தெரியும். உடன்பிறந்தவர்கள் பாதி வாக்கியத்தில் பேசுகிறவர்கள். மீதிப் பாதி மற்றவனுக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுடைய நெருக்கம், அதே சமயம் அவர்களுடைய ஆயுதமும்கூட. செய்தியைப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டுமானால், இருவர் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். விற்பனைக்காகக் கொட்டகையை அளக்கும் காட்சியை இப்படி எழுதலாம்.

உள் – கொட்டகை – பகல்
தரையில் இயந்திரம் நின்ற இடத்தில் நான்கு போல்ட் துளைகள். அண்ணன் அளவுநாடாவின் ஒரு முனையைச் சுவரில் வைத்திருக்கிறான். மறுமுனை தம்பியின் கையில்.

அண்ணன்: இழுத்துப் பிடிடா.
தம்பி: பிடிச்சிட்டுதான் இருக்கேன்ணா.
அண்ணன்: பதினெட்டரை. எழுதிக்கோ.
தம்பி எழுதவில்லை. ஒரு துளையின் மேல் கால் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறான்.
தம்பி: இங்கதான் தூங்கிப் போனேன் அன்னைக்கு. அப்பா உள்ள பாடிட்டிருந்தாரு.
அண்ணன்: பாடல.
தம்பி: எனக்குக் கேட்டுச்சு.
அண்ணன் நாடாவை விடுகிறான். அது சுருண்டு ஓடி வந்து தம்பியின் கையில் அடிக்கிறது.
அண்ணன்: அந்தப் பக்கம் அளக்கணும். வா.

தந்தை அன்று அழுதார் என்பதை அண்ணன் இங்கே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லியிருந்தால் காட்சி அங்கேயே தீர்ந்துவிடும். "பாடல" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியதால், பார்வையாளர் அதை அடுத்த நாற்பது நிமிடங்களுக்குச் சுமந்துகொண்டு வருவார், தம்பியும் சுமப்பான். தெரிந்த உண்மையை இத்தனை ஆண்டுகள் தம்பியிடம் சொல்லாமல் காத்தது அண்ணனின் அன்பா, அல்லது தந்தையின் துயரத்தைத் தனக்கு மட்டும் உரிய சொத்தாக வைத்துக்கொண்ட பிடிவாதமா என்ற கேள்வி, கொட்டகையை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வியைவிடப் பெரியதாக வளரும். அந்த இடத்தில்தான் குடும்பக் கதை சொத்துத் தகராறிலிருந்து வேறாகிறது.

அந்த மாலையை ஃபிளாஷ்பேக்காகக் காட்டலாமா என்ற கேள்வி எழும். காட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காட்டினால் கேமரா யாரோ ஒருவனுடைய நினைவைச் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடும், அதன்பின் மற்றவன் வெறுமனே தவறாக நினைத்தவனாகிவிடுவான்.

படமாக்கும்போது

முகச்சாயல் ஒத்த நடிகர்களைத் தேடி நாட்களைச் செலவிட வேண்டாம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்பதை உடலசைவு ஒன்றே காட்டிவிடும்: யோசிக்கும்போது பின்கழுத்தில் கை வைப்பது, பதில் சொல்வதற்குமுன் மூச்சை இழுப்பது போன்ற ஏதாவதொன்றை இரண்டு நடிகர்களும் ஒத்திகையில் பழகிக்கொள்ளட்டும், அதைப் படத்தில் எவரும் சுட்டிக்காட்டாமல் இருக்கட்டும். சண்டைக் காட்சிகளை முகத்துக்கு முகம் குளோசப்பாக வெட்டி வெட்டி எடுப்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும் டூ ஷாட்டில், அவர்களுக்கு இடையில் உள்ள தூரத்தையே பார்வையாளர் படித்துவிடுவார். தனித்தனி ஷாட்டுகளை உண்மையிலேயே அவர்கள் பிரியும் கட்டத்துக்குச் சேமித்து வையுங்கள்.

பேசுகிறவனைவிடக் கேட்கிறவனின் முகத்தை அதிகமாகப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப்புக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் அடுத்து மாற்றி மாற்றி வைத்தால் பார்வையாளர் அதில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பார் என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் அறியப்படும் சோதனை எடுத்துக்காட்டியது. பேசாத அண்ணன் பாத்திரத்துக்கு இது பெரிய துணை: தம்பி சொல்வதற்குப் பின் அந்த அமைதியான முகத்தை எத்தனை நொடி நீட்டுகிறீர்கள் என்பதுதான் அவனுடைய வசனம்.

முடிவில் இருவரையும் கட்டிப்பிடிக்க வைப்பது எளிது, ஆனால் முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரு கட்டிப்பிடிப்பில் கரையாது. அதற்குப் பதிலாக, ஒவ்வொருவனும் மற்றவனுடைய வழியில் ஒரே ஒரு காரியத்தைச் செய்யட்டும். அண்ணன் கெடு முடிந்த பின்னும் கடைசித் தவணையைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் திறந்து விடலாம். தம்பி, எவரும் கேட்காமலே கணக்கு நோட்டில் தன் பெயரை எழுதித் தான் வாங்கிய தொகையைக் குறிக்கலாம். இரண்டும் ஒரே காட்சியில் நடக்க வேண்டாம், இருவரும் ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்கவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் இரண்டு நண்பர்களை உட்காரவைத்துத் திரைக்கதை முழுவதையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டாலும் எந்த வரி யாருடையது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மறுநாள் அதே பிரதியை மறுபடியும் வாசிக்கட்டும். நேற்று அண்ணனுக்காக வாதாடியவர் இன்று தம்பிக்காக அதே அளவு வாதாட முடியாமல் திணறுகிற காட்சிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அடுத்த வரைவை அந்தக் காட்சிகளிலிருந்து தொடங்குங்கள்.