முதல் புரோகிராமிங் லாங்குவேஜ் எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

"அண்ணா, பைத்தான் படிக்கவா ஜாவா படிக்கவா?"னு யாராவது கேட்டா நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், படிச்சு என்னத்த செய்யப் போற? பாதி பேர் முழிப்பாங்க. அங்கதான் முதல் தப்பு. வெப்சைட் பண்ண ஆசைன்னா ஜாவாஸ்கிரிப்ட், டேட்டா பக்கம் போகணும்னா பைத்தான், ஆண்ட்ராய்டு ஆப்னா கோட்லின், 2019லயே கூகுள் ஆண்ட்ராய்டுக்கு இனி கோட்லின்தான் முதல்லன்னு சொல்லிட்டாங்க. ஐபோன் ஆப் பண்றேன்னு ஸ்விஃப்ட் கோர்ஸ்க்கு காச கட்டிட்டு, அப்புறமா அதுக்கு வேணுங்கற எக்ஸ்கோட் சாஃப்ட்வேர் ஆப்பிளோட மேக்ல மட்டும்தான் ஓடும்னு தெரிஞ்சு தலைல கைய வெச்சவங்களும் இருக்காங்க. கையில என்ன லேப்டாப் இருக்குன்னும் பாருங்கப்பா.

ஜாவா தெரிஞ்சா ஜாவாஸ்கிரிப்ட் தன்னால வந்துடும்னு நெனைக்காதீங்க. ரெண்டும் வேற வேற. 1995ல நெட்ஸ்கேப்காரங்க லைவ்ஸ்கிரிப்ட்னு வெச்சிருந்த பேர, அப்போ ஜாவாவுக்கு இருந்த மவுச பாத்து மாத்திட்டாங்க, அவ்ளோதான் சொந்தம்.

அடுத்தது நான் நேராவே அடி வாங்குன விஷயம். எங்க காலேஜ் லேப்ல சி++ எழுதுறதுக்கு டர்போ சி++ங்கற சாஃப்ட்வேர்தான், அந்த நீல ஸ்கிரீன் ஞாபகம் இருக்கா? போர்லாண்ட் கம்பெனி 1990கள்ல டாஸ்ங்கற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக விட்ட சாமான் அது, இன்னிக்கும் டாஸ் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸுக்குள்ள வெச்சு உயிர் குடுத்து ஓட்டிட்டு இருக்காங்க. நானும் அதுலயே மூணு செமஸ்டர் ஓட்டிட்டு ஒரு ஆன்லைன் டெஸ்ட்ல போய் உக்காந்து அதே மாதிரி அடிச்சேன், புரோகிராம் ஆரம்பத்துல சேக்குற ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்னு ஒரு ஃபைலே இல்லைன்னு கம்பைலர் (நாம எழுதுறத மெஷினுக்கு புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்) சொல்லுது, ஏன்னா 1998ல சி++க்கு ஸ்டாண்டர்ட் வந்தப்பவே அந்த டாட் ஹெச்ச எடுத்துட்டாங்களாம், எனக்கு யாரும் சொல்லல. கிளியர் ஸ்கிரீன் பண்ற ஃபங்ஷனும் அங்க கிடையாது. இன்னொண்ணு, டர்போல இன்ட்டுக்கு, அதாவது ஒரு முழு எண்ண வெக்கிற இடத்துக்கு, ரெண்டே பைட், 32767க்கு மேல ஒண்ணு கூட்டினா மைனஸ் 32768னு காட்டும், இப்ப இருக்குற கம்பைலர்ல பொதுவா நாலு பைட், அதனால லேப்ல எழுதி வெச்ச பாதி அவுட்புட் வெளிய வந்தா பொய்யாயிடும். சி, சி++ படிக்காதீங்கன்னு சொல்ல வரல, தாராளமா படிங்க, ஜிசிசி மாதிரி இப்ப இருக்குற கம்பைலர் போட்டு படிங்க. பைத்தான்லயும் இதே கதை உண்டு. பிரிண்ட்டுக்கு பிராக்கெட் போடாம சொல்லித் தர்ற வீடியோன்னா அது பைத்தான் 2, அதுக்கு 2020 ஜனவரி 1ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. மூடிட்டு வேற வீடியோ பாருங்க.

ரேங்கிங் பாத்து எடுக்குறவங்களும் இருக்காங்க. டியோபின்னு வர்ற லாங்குவேஜ் ரேங்கிங் லிஸ்ட்லாம் சர்ச் எஞ்சின்ல அந்த லாங்குவேஜ் பேருக்கு எத்தன ரிசல்ட் வருதுங்கறத வெச்சு போடுற கணக்கு. உங்க ஊர்ல யார் வேலைக்கு ஆள் எடுக்குறாங்கன்னு அதுல தெரியாது, அதுக்கு ஜாப் போஸ்டிங்க ஒரு அரை மணி நேரம் படிச்சாலே போதும்.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய தப்பு பாதில மாத்துறதுதான். லூப் வரைக்கும் ஜாலியா போகும், ஃபங்ஷன், ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்ப கூப்பிடுறது)னு வந்ததும் மண்டை காயும், உடனே "இந்த லாங்குவேஜ் எனக்கு செட் ஆகல"ன்னு அடுத்ததுக்கு தாவிடுவாங்க, அங்கயும் அதே ரிகர்ஷன் வந்து வாசல்ல நிக்கும். இஃப், லூப், ஃபங்ஷன் எல்லாம் பெரும்பாலும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், எழுதுற விதம்தான் மாறும். ஒரு லிஸ்ட்ல இல்லாத இண்டெக்ஸ, அதாவது இல்லாத இடத்து நம்பர கேட்டா பைத்தான் எரர் அடிச்சு நிறுத்தும், ஜாவாஸ்கிரிப்ட் அன்டிஃபைன்ட்னு குடுத்துட்டு கம்முனு போயிட்டே இருக்கும், இந்த மாதிரி குணமெல்லாம் ஒண்ணுலயே ஆறு மாசம் கெடந்து உருண்டாதான் பிடிபடும்.

எங்க பக்கத்து வீட்டு தம்பி பைத்தான்ல வரவு செலவு கணக்கு போடுற ஒரு சின்ன புரோகிராம் ஆரம்பிச்சான், அப்புறம் ஜாவா, அப்புறம் கோ. நேத்து மெசேஜ் பண்ணான், "அண்ணா, ரஸ்ட் எப்படி?" அந்த கணக்கு என்னடா ஆச்சுன்னு கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல.