ஜூன் மாத வானவில்லை உரசிப் பார்ப்பது எப்படி?

ஜூன் என்பது திருநர், தன்பால் ஈர்ப்பாளர்களின் பிரைடு மாதம். அது பிறந்தால் கோவை ஐ.டி. கம்பெனி லோகோவில் அவர்களின் அடையாளமான வானவில் ஏறும். திருப்பூரில் தைத்த வானவில் பனியனோ அதற்கு முன்பே கப்பலேறியிருக்கும். அந்த ஆதரவு நிஜமா என்று தெரிய, இரண்டையும் விட்டுவிட்டுக் காகிதத்தைக் கேளுங்க.

முதலில் சம வாய்ப்புக் கொள்கை. 2019 திருநர் சட்டத்தின் கீழ் வந்த 2020 விதிகள்படி நிறுவனங்கள் இதை வெளியிட வேண்டும். பனியன் கம்பெனியும் அதில் அடக்கம். வெப்சைட்டிலோ நோட்டீஸ் போர்டிலோ தேடுங்க. புகார் அலுவலர் விவரம், பாத்ரூம் வசதி, பாலின அடையாளத்தை ரகசியமாக வைப்பது மூன்றும் இருக்க வேண்டும். இருந்தால் பாராட்ட ஒன்றுமில்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தன்பால் ஈர்ப்பாளர்களுக்குத் தனியார் வேலையில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. அங்கே கம்பெனி தானாகக் கொடுப்பதுதான் உரைகல். ஊழியர்களுக்குக் கம்பெனி எடுக்கும் மருத்துவக் காப்பீடான குரூப் மெடிக்ளெய்ம் பாலிசியில் யாரைச் சேர்க்கலாம் என்று பாருங்க. 'சட்டப்படியான கணவன் அல்லது மனைவி' என்று மட்டும் இருந்தால் தன்பால் இணைக்கு இடமில்லை. தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் மறுத்துவிட்டது. சேர்ந்து வாழும் துணையையும் சேர்த்து பிரீமியம் கட்டுகிற கம்பெனி கைக்காசைப் போட்டிருக்கிறது. எச்.ஆரிடம் "பாலிசி காப்பி வேணுங்க" என்றால் போதும், காரணம் சொல்லாதீங்க. துணையின் பெயரைச் சேர்க்கும்முன் கார்டும் கிளெய்ம் கடிதமும் எந்த விலாசத்துக்கு வரும் என்று கேட்டுவிடுங்க. ஊர் விலாசமென்றால் கவரைப் பிரிப்பது அப்பாவாக இருக்கலாம்.

திருப்பூரில் கேள்வியே வேறு. வானவில் பனியன் ஓடுகிற லைனில் ஒரு திருநங்கைக்கு டெய்லராகவோ செக்கிங்கிலோ இடம் உண்டா? பையரின், அதாவது பனியனை வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின், நடத்தை விதி கம்பெனி கேட் பக்கத்தில் ஒட்டியிருந்தால், அது காண்ட்ராக்டில் வரும் பீஸ் ரேட் ஆட்களுக்கும் பொருந்துமா என்று கேளுங்க. ஹாஸ்டலில் எந்த அறை, நைட் ஷிப்ட் வேனில் யார் கூட வருவார்கள், பையரின் ஆடிட் இல்லாத நாளில் திருநருக்கான பாத்ரூம் பூட்டியிருக்கிறதா என்பதையும் விடாதீங்க.

பையரை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. 2023 மே மாதம் எதிர்ப்பு கிளம்பியதும் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் சில பிரைடு பொருட்களை எடுத்துவிட்டன.

அதற்காக எல்லாம் வேஷமென்று தள்ளவும் வேண்டாம். விளம்பரத்துக்குப் போட்ட கொள்கையானாலும் எழுத்தில் இருந்தால் சூப்பர்வைசர் முன் நீட்டலாம். ஜூன் முடியும்முன் அந்தக் கொள்கை உள்ள பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்க. திருநர் புகாரை புகார் அலுவலர் 15 நாளில் விசாரிக்க வேண்டும்; அறிக்கை வந்து 15 நாளுக்குள் நிறுவனத் தலைமை நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாரை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்க.