பக்கவாதத்துக்குப் பின் கை: வீட்டில் நடக்கும் தவறுகள்

பிசியோதெரபிஸ்ட் வந்து போவது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்தக் கை நம் பொறுப்பில்தான். சேதம் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது.

முதலாவது, இழுப்பது. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது அவசரத்தில், பக்கவாதத்தால் விழுந்த கையைப் பிடித்து இழுத்துவிடுகிறோம். இல்லையென்றால் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறோம். தசை தளர்ந்த நிலையில், கையின் எடையே தோள்மூட்டைக் கீழே இறக்கப் பார்க்கும். அதோடு நாமும் இழுத்து வலி வந்துவிட்டால், அப்புறம் பயிற்சிக்குக்கூட நோயாளி கையைத் தொட விடமாட்டார். இடுப்பில் பெல்ட் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் அடியில் தலையணை வையுங்கள். சட்டையை விழுந்த கையில் முதலில் மாட்டி, கழற்றும்போது கடைசியாக எடுங்கள்.

அடுத்தது பாசம். காபி டம்ளரை வாயருகே கொண்டுபோய்க் கொடுப்பது, சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிடுவது. பயன்படுத்தாத கையை மூளை மெல்ல மறந்துவிடும். அதனால்தான் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே வேலை வாங்கும் சிகிச்சை வந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு 2 வாரம் இந்தப் பயிற்சி கொடுத்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது; ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களே நல்ல கையைக் கட்டிவிடாதீர்கள். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இது. மற்றவர்களுக்கு, துணி மடிக்கும்போது விழுந்த கை துணியை அழுத்திப் பிடித்திருந்தாலே அதுவும் பயிற்சிதான்.

பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும், கையில் வைத்து அழுத்தும் ஸ்மைலி பந்து? விரல் ஏற்கெனவே இறுகி மடங்கியிருந்தால், பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அவருக்குக் கஷ்டம் பிடிப்பதில் இல்லை, விரிப்பதில். புறா ரத்தம் தடவுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் வெந்நீர் ஒத்தடத்தில் கவனம்: உணர்ச்சி குறைந்த கை சூட்டைச் சொல்லாது, கொப்புளம்தான் சொல்லும்.

மூன்று மாதம் ஆனதும் ‘இனி அவ்வளவுதான்’ என்று நிறுத்துவதும் தவறு. வேகமான முன்னேற்றம் அந்த மாதங்களில்தான் என்றாலும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தேறுகிறவர்கள் உண்டு. செலவுதான் தடை என்றால், சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. படி இறங்க முடியாதவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்குமா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.