ஒரே கட்டுரை, இரண்டு இதழ்: சட்ட ஆய்விதழில் எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் சிங்கப்பூரில், தேக்கா உணவங்காடியில் ஒரு தம்பியைப் பார்த்தேன். பயிற்சி வழக்கறிஞர். தே தாரிக் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். இருபத்தெட்டுப் பக்கம், நூறுக்கு மேல் அடிக்குறிப்பு. உழைப்பு தெரிந்தது. "எங்க அனுப்புனீங்க தம்பி?" என்றேன்.

"மூணு ஜர்னலுக்கு அனுப்பிட்டேன் அண்ணே. எது முதல்ல எடுத்துக்குதோ அதுல போட்டுரலாம்னு இருக்கேன்."

வாயில் இருந்த வடை இறங்கவில்லை. இதே வார்த்தையை 2019இல் நானும் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துப்பிழை, சொல் வரம்பு, எழுத்துரு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. இதழின் விதிமுறையைத் திறந்தால் அவை அங்கேயே இருக்கும். பலர் திறப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவது

இந்தப் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே சட்ட இதழ்களில் பெரும்பாலானவற்றைச் சட்டக் கல்லூரி மாணவர்களே நடத்துகிறார்கள். ஒரு கட்டுரையை ஒரே நாளில் முப்பது நாற்பது இதழ்களுக்கு அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஓர் இதழ் எடுத்துக்கொள்கிறோம் என்றதும் அதைக் காட்டி, அதைவிடப் பேர்பெற்ற இதழிடம் "சீக்கிரம் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துவதுகூட அங்கே மரியாதையான நடைமுறைதான்.

இங்கே அப்படி இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் ஜர்னல் ஆஃப் லீகல் ஸ்டடீஸ் 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்ட இதழாகத் தொடங்கியது, 1991இல் இப்போதைய பெயருக்கு மாறியது. சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் இதழ் 1989இலிருந்து வருகிறது. இந்த வகை இதழ்களில் கட்டுரை, துறை தெரிந்த ஒருவரிடமோ இருவரிடமோ பெயர் மறைத்துப் போகும். அவர்கள் படித்துக் கருத்து எழுதிய பிறகுதான் ஆசிரியர் முடிவு சொல்வார். மாதக்கணக்கில் ஆகும். படிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. சொந்த வேலைக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து படிக்கிறார். அதனால்தான் "இது வேறு எங்கும் பரிசீலனையில் இல்லை" என்று முதலிலேயே கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் டிக் போடுவோம்.

ஊரும் சின்னது. ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கமான கேள்வியை எடைபோடத் தகுந்தவர்களைக் கோப்பிக்கடையில் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். இரண்டு இதழும் கடைசியில் ஒரே ஆளின் கதவைத்தான் தட்டும்.

என் கட்டுரைக்கு அதுதான் நடந்தது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறோமே, அந்தத் தொகை எப்போது செல்லாத தண்டமாகிறது என்பது பொருள். 1915இல் பிரிட்டனில் வந்த டன்லப் தீர்ப்பு, டயர் ஒன்றுக்கு 5 பவுண்டு என்ற விவகாரம். அந்தத் தொகை இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடா என்று பார்க்கச் சொன்னது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2015 நவம்பரில், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் மக்டெஸி வழக்கில் அளவுகோலையே மாற்றியது. ஒப்பந்தம் மீறப்பட்டதால் பாதிக்கப்பட்ட தரப்புக்கு இருக்கும் நியாயமான நலனோடு ஒப்பிட்டால் தொகை அளவு மீறியதா என்பதுதான் இனி கேள்வி என்றார்கள். வாகன நிறுத்துமிடத்தில் நேரம் கடந்ததற்கு 85 பவுண்டு வாங்கியது செல்லும் என்றதும் அதே தீர்ப்பில்தான். சிங்கப்பூர் எந்தப் பக்கம் போக வேண்டும்? மக்டெஸிக்குப் பிறகு நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை இன்னும் தீர்த்துச் சொல்லியிருக்கவில்லை. என் கட்டுரைக்கு உயிர் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

2019 கடைசியில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பினேன். அமெரிக்காவில் முதுகலை முடித்து வந்த நண்பர் கொடுத்த யோசனை. அவர்மேல் பழி போடவில்லை, விதிமுறையைப் படிக்காதவன் நான்தான். பத்து வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. இதே கட்டுரை வேறோர் இதழ் வழியாகவும் எங்கள் மதிப்பீட்டாளருக்கு வந்திருக்கிறது, விளக்கம் தேவை. விளக்க என்ன இருக்கிறது? இரண்டு இதழும் திருப்பிவிட்டன. அதன் பிறகு கொஞ்ச நாள், எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் எதிரே வரும் பேராசிரியர்களை எல்லாம் இவரா, அவரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தில் கொஞ்ச காலம் கோப்பையே திறக்கவில்லை. 2020இல் கொரோனாவுக்காக இங்கே போட்ட சர்க்யூட் பிரேக்கர் முடக்கக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது எடுத்துத் திருத்தி, அக்டோபரில் மூன்றாவதாக ஓர் இதழுக்கு, ஒன்றுக்கு மட்டும், அனுப்பினேன். 2020 நவம்பரில் டென்கா வழக்கின் தீர்ப்பு வந்தது, மேற்கோள் எண் [2020] எஸ்ஜிசிஏ 119. மின்சார விநியோக ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்டெஸியின் நியாயமான நலன் அளவுகோலை ஏற்கவில்லை, டன்லப்தான் இங்கே சட்டம் என்றது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒன்பதாயிரம் சொல்லில் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நீதிமன்றமே விடை சொல்லிவிட்டது. அதுவும் நான் சொன்னதற்கு நேர் எதிராக.

தோற்றதில் வருத்தமில்லை. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும், பெயர் சொல்லி மறுக்கவும் செய்யும். முதலிலேயே ஓர் இதழுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் 2020 நடுவில் வெளிவந்திருக்கலாம், யாராவது ஒரு வழக்கறிஞர் எடுத்துக் காட்டியிருக்கலாம். மறுக்கப்படும் பாக்கியமாவது கிடைத்திருக்கும். கடைசியில் அந்த ஒன்பதாயிரம் இரண்டாயிரமாகச் சுருங்கி, ஒரு தீர்ப்புக் குறிப்பாக வேறிடத்தில் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

ஆகவே ஓர் இதழைத் தேர்ந்தெடுத்து, காத்திருங்கள். மூன்று மாதம் தாண்டினால் பணிவாக ஒரு வரி விசாரிக்கலாம், அதில் தப்பில்லை. இன்னும் பொறுக்க முடியாவிட்டால் விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதி, சரி என்ற பதில் கைக்கு வந்த பிறகு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் எழுதும் கேள்வி மேல்முறையீட்டில் நிலுவையில் இருக்கிறதென்றால் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அவசரம் புரிந்தால் அவர்களும் முடிந்தவரை விரைவுபடுத்துவார்கள்.

தம்பி அங்கேயே உட்கார்ந்து இரண்டு இதழ்களுக்கு விலகல் கடிதம் அனுப்பினார். தே தாரிக் ஆறிப்போயிருந்தது.

தீர்ப்பைச் சுருக்கித் தருவது

எட்டுப் பக்கம் வழக்கின் கதை, அரைப் பக்கம் "இத்தீர்ப்பு வரவேற்கத்தக்கது". தீர்ப்பை ஆசிரியரும் படித்திருக்கிறார் ஐயா. ஓக்ராய்ட் வழக்கில் 2018இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டவிரோத ஒப்பந்தங்கள் பற்றிய 2016ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தீர்ப்பான பட்டேலைப் பின்பற்றவில்லை. அது செய்தி. ஏன் பின்பற்றவில்லை, அந்தக் காரணம் நிற்குமா, நாளைக்கு ஒரு கட்சிக்காரர் வந்தால் என்ன சொல்வீர்கள் என்ற இடத்தில்தான் கட்டுரை தொடங்குகிறது. நீங்கள் சொல்ல வருவதை முதல் பக்கத்தில் ஒரே வாக்கியமாக எழுத முடியவில்லையென்றால் இன்னும் எழுத உட்காராதீர்கள்.

பெயரை அழித்துவிட்டேன், போதும்

போதாது. ஒருமுறை எனக்கு மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையில் ஆசிரியர் பெயர் இல்லை. ஆனால் முதல் அடிக்குறிப்பில் அவருடைய மூத்த வழக்கறிஞருக்கு நன்றி, மனைவிக்கு நன்றி, பத்தாவது அடிக்குறிப்பில் "நான் முன்பு வாதிட்டதுபோல". கோப்பின் பண்புகளைத் திறந்தால் அலுவலகப் பெயரும் இருந்தது. நன்றியை ஏற்கப்பட்ட பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பழைய கட்டுரையை மூன்றாம் மனிதர் எழுதியதுபோலக் குறிப்பிடுங்கள். அந்த வழக்கில் நீங்களோ உங்கள் அலுவலகமோ ஒரு தரப்புக்கு ஆஜராகியிருந்தால், அதைக் கட்டுரையில் மறைத்தாலும் ஆசிரியரிடம் மறைக்கக் கூடாது.

பழைய சட்டப் பெயர்கள்

2021 டிசம்பர் 31 முதல் நம் சட்டங்களுக்கு அத்தியாய எண் கிடையாது. அத்தியாயம் 50 என்று எழுதிய கம்பெனிகள் சட்டம் இப்போது கம்பெனிகள் சட்டம் 1967. பழைய கட்டுரையிலிருந்து அடிக்குறிப்பை வெட்டி ஒட்டினால் இங்கேதான் மாட்டுவீர்கள். 2022 ஏப்ரல் 1இல் புதிய நீதிமன்ற விதிகள் நடப்புக்கு வந்தபோது வழக்குத் தொடுப்பவருக்கு பிளெயின்டிஃப் என்ற பெயர் போய் கிளெய்மன்ட் வந்ததையும் கவனியுங்கள். பழைய வழக்கைப் பேசும்போது மட்டும் அன்றைக்கு இருந்த சட்டத்தையே சொல்ல வேண்டும்.

இரவல் மேற்கோள்

இன்னொருவர் அடிக்குறிப்பிலிருந்து பத்தி எண்ணை எடுக்காதீர்கள். எண் தப்பாக இருக்கும், அல்லது அந்தத் தீர்ப்பே மேல்முறையீட்டில் கவிழ்ந்திருக்கும். சாட்ஜிபிடி கொடுத்த வழக்கு என்றால் அது பிறக்கவே இல்லாததாக இருக்கலாம். 2023இல் நியூயார்க்கில் அப்படி இல்லாத வழக்குகளைக் காட்டியவர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

ஆய்வேட்டின் அத்தியாயத்தை அப்படியே அனுப்புவது

வேண்டாம்.

மதிப்பீட்டாளரோடு சண்டை

இரண்டு நாள் ஆறப்போடுங்கள். பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, திருத்திய பக்கத்தைக் காட்டிப் பதில் எழுதுங்கள். ஏற்க முடியாததை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பத்தியில் சொன்னால் போதும். "மதிப்பீட்டாளர் என் கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை" என்ற வரியை நானும் ஒருமுறை எழுதினேன். அனுப்புவதற்குள் மனைவி பார்த்துவிட்டு அழித்துவிட்டார்.