பியானோ கச்சேரிக்கு இடப்பக்க இருக்கை

பியானோ வாசித்தபடியே பாடும் கலைஞரின் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும்போது, மேடையைப் பார்த்து உட்காரும்போது நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக இடம் தேடுங்கள். கிடைமட்டமாக நீண்டிருக்கும் பெரிய பியானோவான கிராண்ட் பியானோவின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கம் திறக்கும்; ஒலி அரங்கை நோக்கி வர வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்தை ரசிகர்களுக்குக் காட்டி வைப்பார்கள். ஆகவே விரலால் அழுத்தி வாசிக்கும் 88 கட்டைகளும் இடக்கோடியில் அமைந்துவிடும். வலப்பக்கம் உட்கார்ந்தால் பாடகரின் முகம் தெரியும், விரல்கள் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். பாட்டுக்கு நடுவே இடக்கை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் பாதிச் சுவை என்பது என் கட்சி. முதல் வரிசைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மேடை உயரமானால் அங்கிருந்து கட்டைகளே தெரியாது, பெடலை மிதிக்கும் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மாடியின் இடப்பக்க இருக்கை மேல். விலையும் பெரும்பாலும் குறைவு. ஒரேயடியாக இடது ஓரத்துக்குப் போனால் முதுகுதான் மிஞ்சும்.

மின்னணுக் கீபோர்டை ரசிகர்களைப் பார்த்து வைத்து வாசிப்பவர்களுக்கும், பெரிய திரை கட்டிய மைதானக் கச்சேரிகளுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.