பொங்கலை ஒட்டிச் சட்டமன்றத் தொடக்க நாள் குறிப்பது எப்படி?

தக்கலையில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முதலில் காலண்டரைத்தான் கொடுப்பேன். முந்தைய கூட்டத்தொடரின் கடைசி அமர்வு நாளை வட்டமிடுங்கள். அரசியலமைப்பின் 174ஆம் பிரிவுப்படி, அங்கிருந்து அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கு ஆறு மாதம் கடக்கக் கூடாது. கூட்டுபவர் ஆளுநர், ஆண்டின் முதல் தொடர் என்றால் அவர் உரையும் உண்டு.

பிறகு பொங்கல் விடுமுறைகளை அடித்துவிடுங்கள். 2025இல் பொங்கலுக்கு முன்பே, ஜனவரி 6இல் தொடங்கினார்கள். 2026இல் பண்டிகை முடிந்து ஜனவரி 20இல். எனக்குப் பின்னதே சரி. ஆனால் விடுமுறைக்கு மறுநாளே வைக்காதீர்கள்! நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். குமரி உறுப்பினர் பொங்கல் பானை ஆறுமுன் பெட்டி தூக்க வேண்டியிருக்கும். ஒரு வேலைநாளாவது இடைவெளி விடுங்கள். மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடை விழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறையை மட்டும் காலண்டரில் அடிக்காதீர்கள். அது நம் குமரி மாவட்டத்துக்கு மட்டும்தான். சென்னையில் அன்று அலுவலகம் திறந்திருக்கும்.